ஃப்ளோ சைட்டோமெட்ரி என்றால் என்ன, பெரிய நோய் ஆய்வுகளுக்கு அது எதற்கு?

ரத்தத்தில் எந்த வகை நோய் எதிர்ப்பு செல் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு செல்லாகப் பார்த்து எண்ணும் முறைதான் இது. அந்த வகைகளில் இரண்டான டி செல்லும் பி செல்லும் மைக்ராஸ்கோப்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் மேற்பரப்புப் புரதம் வேறு: டி செல்லில் சிடி3, பி செல்லில் சிடி19. அந்தந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் சேர்த்து, செல்களை லேசர் முன்னால் வரிசையாக ஓடவிட்டால், மெஷின் நொடிக்கு ஆயிரக்கணக்கில் பிரித்துவிடும். ஒரே சீருடைக் கூட்டத்தில் பேட்ஜ் நிறம் பார்த்து ஆட்களை எண்ணுவது போல. பெரிய ஆய்வில் ரத்தம் பல இடங்களிலிருந்து வரும். சாயமும் மெஷின் அமைப்பும் எங்கும் ஒன்றாக இல்லாவிட்டால் எந்த வித்தியாசம் நோயால் வந்தது, எது லேபால் வந்தது என்றே தெரியாது, என்னைக் கேட்டால் கஷ்டமான வேலையே இதுதான்.

அப்புறம், வெள்ளையணு எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். மொத்தம் சரியாக இருக்கும்போதே டி செல்லில் ஒரு வகையான சிடி4 செல்கள் மட்டும் குறைந்திருக்கலாம், ஹெச்ஐவியில் அப்படி நடப்பதுண்டு.