கோதுமை புல்லாகவே நிற்பது ஏன்?

கேள்வி: கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த கோதுமையை ஐப்பசியில் விதைத்தேன். மூன்று மாதமாகியும் புல்லாகப் படர்கிறது, கதிரில்லை. உரம் பிழையா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: உரத்தில் பிழையில்லை. அது குளிர்கால இனமாக இருக்கவேண்டும். ஒரு தூரைப் பிடுங்கி அடியைப் பிளேட்டால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். வளர்முனை வேரடியிலேயே ஒட்டியிருந்து, கணு நீளாமலிருந்தால் அது இன்னும் பூக்கத் தொடங்கவில்லை.

இவ்வினத்தில் வி.ஆர்.என். 2 என்ற மரபணு பூத்தலைத் தடுத்து வைத்திருக்கும். 0 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் 4 முதல் 8 வாரம் இருந்தால் வி.ஆர்.என். 1 என்ற இன்னொரு மரபணு விழித்துக்கொண்டு அந்தத் தடையை அடக்கும். மட்டக்களப்பில் மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது, பிறகெப்படி விழிக்கும்? வசந்தகால இனத்தில் வி.ஆர்.என். 1 இன் ஒரு துண்டு மாறியோ அறுந்தோ இருப்பதால் அதற்குக் குளிர் தேவையில்லை. ரொட்டிக் கோதுமையில் இம்மரபணு 5ஏ, 5பி, 5டி நிறமூர்த்தங்களில் உண்டு. மூன்றில் ஒன்று ஆட்சியுடைய வசந்தகால வடிவமானாலே, குளிரின்றிப் பூக்கப் பெரும்பாலும் போதும்.

மிச்ச விதையை ஊறவைத்து, முளை எட்டிப்பார்த்ததும் ஈரத்தாளில் சுற்றி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் (உறையும் தட்டில் வேண்டாம்) 6 முதல் 8 வாரம் வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறியுங்கள். எடுத்தவுடன் 30 பாகை வெயிலில் நட்டால் பெற்ற குளிர்ப்பயன் அழிந்துபோகலாம். சில நாள் நிழலில் வையுங்கள். அப்படியும் நீண்ட பகல் கேட்கும் இனமென்றால் நம் 12 மணிப் பகலில் கதிர் பிந்தும். பகல்நீளம் பாராத வசந்தகால விதையே நல்லது, அதுவும் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதியோடு.