பிறவி விமானி

கேள்வி: என் அக்கா மகன் விமானப்படைக்குத் தேர்வாகி துண்டிகல் அகாடமிக்குப் போகிறான். 'நான் பிறவி விமானி' என்று தினமும் கண்ணாடி முன் நின்று நூறு தடவை சொல்லச் சொல்லியிருக்கிறார் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியாளர். தன்னைப் பற்றி அப்படி நினைத்தால் பயிற்சியில் தேறிவிடலாமா?
- ஒரு வாசகி, சாத்தூர்

பதில்: பிறவியில் வந்ததை நம்பினால்தான் மேகத்துக்குள் உயிர் போகும். நம் காது தரையில் நடப்பதற்கென்று அமைந்தது. விமானம் ஒரே சீராக இருபது விநாடி திரும்பிக்கொண்டே இருந்தால், உட்காதின் திரவம் அடங்கிவிடும். நேராகத்தான் போகிறோம் என்று உடம்பு சத்தியம் பண்ணும். சாய்ந்த இறக்கையை நிமிர்த்தினாலோ, எதிர்ப்பக்கம் கவிழ்வதாகத் தோன்றும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்து ஓட்டவிட்டார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடியில். உடம்பு சொல்வதைத் தள்ளிவிட்டு கருவியின் முள்ளை நம்பப் பழகுவதற்குத்தான் இத்தனை மாதப் பயிற்சி.

தன்னம்பிக்கையை மணிக்கணக்கில் விற்பவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய சண்டை உண்டு. விமானப்படையின் கணினிவழி விமானித் தேர்வில் ஒருமுறை தவறினால் ஆயுளுக்கும் மறுவாய்ப்பு கிடையாது என்பதே நீண்டகாலம் இருந்த விதி. அந்தப் பயத்தைக் காட்டிக் காசு பறிப்பதைப் பாவம் என்றே சொல்வேன்.

தன்னைப் பற்றிய எண்ணம் பயிற்சியைப் பாதிக்குமா என்றால், நிச்சயம் பாதிக்கும். இறங்கும்போது பாருங்கள். தரை நெருங்கியதும் பார்வையை ரன்வேயின் மறுகோடிக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விமானத்தின் மூக்குக்கு நேர் கீழேயே பார்த்தால், தரை பாய்ந்து வருவது போலிருக்கும். பையன், மூக்கை ஏற்றி இறக்கும் பிடியான ஸ்டிக்கை வெடுக்கென்று இழுப்பான். விமானம் மறுபடி மேலே எழும்பி, வேகம் செத்துக்கொண்டே தொங்கும். அங்கே சரியான வேலை, எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து இன்னொரு சுற்று வருவது. 'பிறவி விமானி'க்கு அது மானக்கேடு. மூக்கை அழுத்தி எப்படியாவது இறக்கப் பார்ப்பான்; முன் சக்கரம் முதலில் மோதித் துள்ளும். கீழே வந்ததும் காற்றின் மேல் பழி போடுவான். 'கண்ணை மாற்ற மறந்தேன்' என்று சொல்கிறவனுக்கு அடுத்த முறை எதைத் திருத்துவது என்று தெரியும். 'எனக்கு இதெல்லாம் வராது' என்று சுருங்குகிறவனுக்கும் தெரியாது. அவன் ஸ்டிக்கை இறுக்கிப் பிடிப்பான். கை இறுகினால் காது அடைத்துவிடும், ரேடியோவில் கூப்பிடுவதுகூட விழாது.

பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் ஆசிரியர் பின் இருக்கையில் இருப்பார். முன்னால் இருப்பவனின் முகம் அவருக்குத் தெரியாது. விமானம் அலையும் விதத்திலிருந்துதான் பிழையைப் பிடிக்க வேண்டும். அதற்கென்றே விமானிகளைப் பயிற்றுநர்களாக்கும் பள்ளி ஒன்று நம் தாம்பரத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அங்கே தேறி வருகிறவரிடம் ஒளிக்காமல் பேசினாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

கண்ணாடியை விட்டுவிட்டு ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். மறுநாள் பறக்கப்போவதை முதல்நாள் இரவே, செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லி, கைகால் அசைத்து, சுற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன வேகம், என்ன உயரம் என்று ஓட்டிப் பார்க்கட்டும். தடுமாறும் இடத்தைக் குறித்துவைத்து, காலையில் பறப்பதற்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும்.