ஷட்டரில் ஒரு தாருமா

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு மதுக்கடையின் ஷட்டரில் ஸ்பிரே பெயிண்டால் தாருமா பொம்மையை வரைந்திருக்கிறார்கள். கூலிங்கிளாஸ், வாயில் பபிள்கம். ஜப்பானியர் அதிர்ஷ்டப் பொம்மையாக வைத்திருப்பது நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மரைத்தானே? அவரைக் கேலி செய்வதைத் தடுக்க வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காஞ்சிபுரம் மரபுக்கதை. அவரைப் பாரசீகத்துத் துறவி என்று சொல்லும் 6ஆம் நூற்றாண்டுச் சீன நூலும் இருக்கிறது. ‘நம்’ என்று உரிமை கொண்டாடிக்கொண்டு அடுத்தவர் ஊர்ச் சுவருக்குத் தடை கேட்காதீர்கள். எடோ காலத்திலேயே (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) தாருமாவைக் கணிகையாக வரைந்து ரசித்தவர்கள் அவர்கள். 1817இல் நாகோயாவில் ஒரு கோயில் வளாகத்தில், கூட்டம் வேடிக்கை பார்க்க, 120 ஜப்பானியப் பாய்களின் பரப்புக்குத் தாருமாவை வரைந்தார் ஓவியர் ஹொகுசாய். அது தெருக்கலை இல்லையா? அந்த ஓவியம் 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது.

கூலிங்கிளாஸை விடுங்கள். எனக்கு அந்தப் பொம்மையின் சிவப்புதான் முக்கியம்.

என் அம்மாவுக்குச் சிறுவயதில் பெரியம்மை வந்தது. அவர் பிழைத்தார், அவர் தம்பி பிழைக்கவில்லை. கடைசிவரை கேமராவைக் கண்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். எடோ கால ஜப்பானிலும் இதே பயம். பிள்ளைக்கு அம்மை கண்டதும் சிவப்புத் துணி உடுத்தி, பக்கத்தில் சிவப்புத் தாருமாவை வைப்பார்கள். சிவப்பு மையிலேயே அச்சடித்த படங்களையும் மாட்டுவார்கள். சிவப்பு நோயின் உக்கிரத்தைத் தணிக்கும் என்று நம்பினார்கள். தள்ளினாலும் எழுந்துவிடுகிற பொம்மையைத் தேடி வாங்கிய காரணம் புரிகிறதா? படுத்த பிள்ளை எழ வேண்டும். அய்சு பகுதியின் சிவப்பு மாட்டுப் பொம்மை அகபெகோவின் உடம்பில் இருக்கும் கரும்புள்ளிகளைக்கூட அம்மைக் கொப்புளங்கள் என்றுதான் சொல்வார்கள். பிள்ளை தேறியதும் அந்தப் படங்களை எரித்துவிடுவார்கள், அல்லது ஆற்றில் விடுவார்கள். மிஞ்சியவை கொஞ்சம்தான்.

இன்றும் தாருமா பொம்மைகளுக்குப் பேர்போன தகாசாகி ஊரின் தாருமா கோயிலில் பழைய பொம்மைகளை ஜனவரியில் எரிக்கிறார்கள். ஒற்றைக் கண் எழுதி வேண்டிக்கொண்டு, நிறைவேறியதும் மறு கண்ணையும் எழுதி, பிறகு தீயில் இடும் பொருள் அது. பெயிண்டில் வரைந்தால் அதற்கு இழிவு வந்துவிடாது. நாளை வேறொருவர் அதன்மேல் வெள்ளையடித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் உங்கள்மேல்தான். கண்ணாடியை எழுதினீர்கள், பபிள்கம்மை எழுதினீர்கள், நிறத்தை எழுதவில்லை. இப்போது தகாசாகியிலேயே பொன், வெள்ளை, இளஞ்சிவப்பு எல்லாம் கிடைக்கிறது. ஒவ்வொரு வேண்டுதலுக்கு ஒவ்வொரு நிறம். அந்த ஓவியர் எதை எடுத்தார்? கடை பூட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், தம்பி.