பள்ளிக்குத் திரும்பும் முன் கால அட்டவணையைப் பேசி முடியுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். 16 வார மகப்பேறு விடுப்பு முடிந்து, இன்னும் மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்புகிறேன். மகன் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறான்; பாட்டி பார்த்துக்கொள்வார். காலை 6.30 மணிக்குக் கிளம்பினால் வீடு வர 4.30 ஆகிவிடும். பள்ளியில் எப்போது பால் எடுப்பது? பால் வற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மார்பில் பால் கட்டியபடி நீண்ட நேரம் இருந்தால் சுரப்பு குறையும். பத்து மணி நேரப் பிரிவில் இரண்டு முறை எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கிளம்பும் முன் ஒருமுறை பாலூட்டுங்கள். பள்ளியில் 10 மணியளவிலும் 1.30 மணியளவிலும் எடுங்கள்.

சிக்கல் இடைவேளையில்தான். அரை மணி நேரத்தில் கை கழுவி, பால் எடுக்கும் பம்ப்பைப் பொருத்தி, 15 முதல் 20 நிமிடம் எடுத்து, கழுவி வைப்பதற்குள் மணி அடித்துவிடும், சாப்பாடு போய்விடும். அதனால் இடைவேளையை ஒட்டியே ஒரு பாடவேளை காலியாக அமையும்படி இப்போதே துறைத் தலைவரிடம் கேளுங்கள். இடைவேளைக் கண்காணிப்புப் பணியிலிருந்தும் சில மாதம் விலக்குக் கேளுங்கள். அட்டவணை அச்சான பிறகு மாற்றுவது எல்லாருக்கும் தலைவலி. உள்ளே தாழிடக்கூடிய அறை எது என்பதையும் அப்போதே உறுதிசெய்யுங்கள், கழிப்பறையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு (வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்வது) வேண்டுமானால் எழுத்தில் கேளுங்கள். இத்தகைய கோரிக்கைகளுக்காகச் சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு வழிகாட்டிப்படி, முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

ஒன்று முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தைக்குப் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 30 மில்லி என்று கணக்கிடலாம். பத்து மணி நேரத்துக்கு 300 மில்லி, அதாவது 100 மில்லி வீதம் மூன்று புட்டி. பாசத்தில் பாட்டி 180 மில்லி ஊற்றிவிட்டால், நீங்கள் எவ்வளவு எடுத்தாலும் போதாதது போலவே தெரியும். மெதுவாக ஒழுகும் காம்பைப் போட்டு, புட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். புட்டிப் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். பாட்டி கொடுக்கும்போது நீங்கள் வீட்டில் இல்லாமலிருப்பது நல்லது. அம்மா வாசனை தெரிந்தால் பல குழந்தைகள் புட்டியைத் தொடமாட்டார்கள்.

எடுத்த பாலை நம் ஊர்ச் சூட்டில் மேசைமேல் விடாதீர்கள். உடனே பள்ளிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், அல்லது உறைந்த பனிக்கட்டிப் பைகளோடு குளிர்காப்புப் பையில் வையுங்கள். அதில் 24 மணி நேரம் தாங்கும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் வரை வைக்கலாம், கதவில் வேண்டாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும். குழந்தை வாய் வைத்து மீந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள், இல்லையேல் கொட்டிவிடுங்கள்.

திடீரென்று பால் குறைந்தால் முதலில் பம்ப்பின் சிலிக்கோன் வால்வைப் பாருங்கள். தளர்ந்துபோன வால்வு உறிஞ்சும் விசையைத் தின்றுவிடும். பல தாய்மார் தங்கள் உடலைக் குறை சொல்லிக்கொண்டு வாடுவது இந்தச் சின்னத் துண்டால்தான். மார்பு சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

முடிந்தால் வியாழக்கிழமை வேலையில் சேருங்கள். இரண்டு நாள் பம்ப்புக்குப் பிறகு சனி, ஞாயிறு முழுவதும் மகன் நேரடியாகக் குடிப்பான். குறைந்த சுரப்பு அதிலேயே மீளத் தொடங்கும்.