கண்ணாடியை விரலால் தொட்டுப் பாருங்கள்

மார்கழி விடியலில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போகும்போது முன்கண்ணாடி மங்குகிறது, ஹைபீம் போட்டும் சாலை தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளேதான். ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை இழுத்துவிடும். கோடு விழாவிட்டால் ஈரம் வெளியே. வைப்பரை ஓட்டி, ஏசிக் குளிர்ச்சியைக் குறைத்தால் சரியாகிவிடும்.

அப்புறம், பனியில் ஹைபீம் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோபீம் போதும். தென்பெண்ணைப் பாலம் ஏறுமுன்பே வேகத்தைக் குறையுங்கள். கரும்பு டிராக்டர்கள் பல பின்விளக்கே இல்லாமல் போகும், கிட்டே போன பிறகுதான் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்திலேயே போங்கள், தாமதமானாலும் பரவாயில்லை.