எம்சிஐ உள்ள அம்மாவுக்கு வருடா வருடம் ஈஈஜி எடுத்தால் மறதி முற்றுகிறதா என்று தெரியுமா?

ஒரு நரம்பியல் பிரிவில் ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பரிசோதனை எடுக்கும் டெக்னீஷியன் நான். எம்சிஐ, அதாவது வயதுக்கு மீறிய மறதி இருந்தாலும் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிற நிலையில் இருப்பவர்கள் எங்களிடம் வருவதுண்டு. ஈஈஜியில் மாற்றம் தெரிய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் ஆல்ஃபா அலை ஓடும், நொடிக்கு 8 முதல் 13 சுற்று வரை. கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடும். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட முதல் மனித ஈஈஜி கட்டுரையிலிருந்தே இந்த அலை பேசப்படுகிறது. எண்பது வயதானாலும், நன்றாக விழித்திருப்பவருக்கு இது 8-க்குக் கீழே இறங்கினால் இயல்பல்ல. அல்சைமர் என்ற மறதி நோயின் பக்கம் போகிறவர்களுக்குப் பொதுவாக முதலில் தீட்டா என்ற மெதுவான அலை கூடும், பிறகு வேகமான பீட்டா அலையும் ஆல்ஃபாவும் குறையும், நோய் முற்றும்போது இன்னும் மெதுவான டெல்டா ஏறும். எம்சிஐ கட்டத்தில் கண்ணால் பார்த்தால் பல பதிவுகள் நார்மலாகவே இருக்கும். கணினியில் அலைகளின் அளவைக் கணக்கிட்டால்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது. அதனால் அம்மாவின் பதிவை அவருடைய பழைய பதிவோடு ஒப்பிடுவதில்தான் பயன் இருக்கிறது.

அந்த ஒப்பீடு கெட்டுப்போவது மிக எளிது. ஏசி அறையில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொன்னால் பெரியவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் சொக்கும். சொக்கினாலே ஆல்ஃபா கரைந்து தீட்டா வந்துவிடும், பார்க்க மூளையின் வேகம் குறைந்தது போலவே இருக்கும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் குளோனசெபாம், அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் பீட்டாவைக் கூட்டிவிடும். ஆகவே முந்தைய இரவு அம்மா நன்றாகத் தூங்கியிருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதே லேப், ஏறக்குறைய அதே நேரம். தலைக்கு எண்ணெய் வேண்டாம், ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரட்டும். மாத்திரைப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள், ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், அச்சிட்ட தாள்களோடு திரும்பிவிடாமல் முழுப் பதிவையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். தாளை வைத்து அடுத்த வருடம் கணக்குப் போட முடியாது.

வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனை, மன அழுத்தம், குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, காது கேட்பது இவற்றையெல்லாம் பார்த்தாகிவிட்டதா? இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தூங்கி எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பிறகு தெளிந்துவிடுகிறாரா? அப்படியென்றால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். மறதியாக மட்டும் வெளிப்படும் ஒரு வலிப்பு வகை உண்டு. தூக்கத்தில் எடுக்கும் ஈஈஜியில் அது பிடிபடலாம், பெரும்பாலும் மாத்திரைக்குக் கட்டுப்படும்.