தினமும் காபி குடிப்பதால் உடலுக்கு நிஜமாகவே நன்மை உண்டா?

உண்டு. ஆனால் நன்மை டிகாஷனில் இருக்கிறது. அதோடு நாம் எதைச் சேர்க்கிறோம், எப்போது குடிக்கிறோம் என்பதில்தான் வில்லங்கம். நாளுக்கு நாலு டம்ளர் பில்டர் காபி குடித்துக்கொண்டிருந்தவள் சொல்கிறேன்.

காபி குடிப்பவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் சிரோசிஸும் கைகால் நடுக்கம் தரும் பார்க்கின்சனும் அவர்களிடம் குறைவாகவே தென்பட்டிருக்கின்றன. காபிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. புற்றுநோய் பயமும் இப்போது இல்லை: 1991-ல் காபியைச் சந்தேகப் பட்டியலில் வைத்த உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2016-ல் அதை எடுத்துவிட்டது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் எதையும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள் என்பதுதான் மிச்சம். டபராவில் ஆற்றிக் குடிக்கிறவர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

என் கதைக்கு வருகிறேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 என்று குறைவாக வந்து, மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். மறுபடி பார்த்தால் 9.4! டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையை எப்பம்மா போடறீங்க?"

"இட்லி சாப்பிட்டதும் போட்டுட்டு, உடனே காபி குடிப்பேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். காபியில் இருக்கும் பாலிபினால்கள் என்ற தாவரப் பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளுமாம், குடலால் அதைச் சரியாக உறிஞ்ச முடியாதாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்று 2024-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் இருக்கிறது. இப்போது எழுந்ததும் காபி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் டிபன். மாத்திரை மதியம், எலுமிச்சை ஜூஸோடு. அடுத்த டெஸ்டில் 11.6.

அப்புறம் சர்க்கரை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாலு டம்ளருக்கு எட்டு, கிட்டத்தட்ட 40 கிராம். காபி நல்லது என்று சொல்லிக்கொண்டு நான் குடித்தது பாதி பாயசம். அரை ஸ்பூனாகக் குறைத்த முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அதே ஐசிஎம்ஆர் வழிகாட்டி நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீன் போதும் என்கிறது. 150 மில்லி டிகாஷன் காபியிலேயே 80 முதல் 120 வரை இருக்கும் என்பதால் இரண்டு, மிஞ்சினால் மூன்று டம்ளர். கர்ப்பிணிகள் இன்னும் குறைக்க வேண்டும். குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும், அதனால் சாயங்காலக் காபி தூக்கத்தைக் கெடுக்கும். தெரிந்தும் ஆறு மணிக் காபியை என்னால் விட முடியவில்லை, அரை டம்ளராக்கியிருக்கிறேன்.